முகாமுக்குள் ஓர் உடல்நல ஆய்வு: முதல் நாள் படிவங்களை ஏன் ஒதுக்கினோம்

இந்தப் பதிவு பற்றி

சேவையில் இருக்கும் படையினரிடம் உடல்நல ஆய்வு செய்யப் போகிறவருக்கு வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள். யாரிடம் அனுமதி கேட்பது, எத்தனை பேரைத் தெரிவு செய்வது, எந்த வினாக்கொத்தைப் பயன்படுத்துவது என்பதையெல்லாம் மருத்துவபீடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அனுமதிக் கடிதத்தோடு வாசலைத் தாண்டிய பிறகு மண்டபத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எழுத்தில் கிடைப்பதில்லை. திருகோணமலை மாவட்டத்து முகாம் ஒன்றில் நாங்கள் நடத்திய ஆய்வு எப்படிப் போனது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். தரவு சேகரிப்பை ஒருங்கிணைத்தது நான்.

இந்த மாவட்டத்தில் முப்படைகளும் இருக்கின்றன. துறைமுகத்தை ஒட்டிக் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை, கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் தரைப்படை. எங்கள் ஆய்வு எந்தப் படையில், எந்த முகாமில் நடந்தது என்று சொல்லப் போவதில்லை. ஆட்களின் வயது, பதவி, ஊர் ஆகியவற்றையும் விட்டோ மாற்றியோ எழுதியிருக்கிறேன். அதற்கான காரணம் போகப் போகத் தெரியும்.

பின்னணி

குழுவில் ஒரு சமுதாய மருத்துவ நிபுணர், ஒரு மனநல வைத்தியர், ஒரு புள்ளிவிபரவியலாளர், நான், சிங்களமும் தமிழும் தெரிந்த தரவு சேகரிப்பாளர்கள் சிலர். சமுதாய மருத்துவ நிபுணர்தான் முதன்மை ஆய்வாளர். இரவுக் காவல் மாறி மாறிச் செய்கிறவர்களின் நித்திரை எப்படி இருக்கிறது, அதோடு மதுவும் மனச்சோர்வும் எந்தளவுக்குச் சேர்ந்து வருகின்றன என்று அறிவதே நோக்கம். இந்தக் கேள்வி முகாமின் மருத்துவ அறையிலிருந்துதான் வந்தது. தலையிடி, நெஞ்செரிவு, முதுகுநோ, பிரஷர் என்று அங்கே தினமும் வரிசை நிற்கிறது. நித்திரை வருவதில்லை என்று சொல்லிக்கொண்டு மட்டும் ஒருவரும் வருவதில்லை. மருந்து எழுதும்போது முகாம் வைத்தியர் கொஞ்சம் துருவிக் கேட்டால் பலருக்கு அடியில் கிடப்பது அதுதான்.

படையினரின் மனநலம் பற்றி இலங்கையில் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கடற்படையின் விசேட படையினரையும் வழமையான படையினரையும் ஒப்பிட்டு 2012 இல் வெளியான ஆய்வில், பி.டி.எஸ்.டி. எனப்படும் மனவடு நோய் இரு பகுதியினரிடமும் ஏறத்தாழ 2 சதவீதமாகவே இருந்தது. நாங்கள் தேடியது போர்முனை அனுபவத்தின் விளைவை அல்ல. போர் முடிந்து பத்து ஆண்டுக்கு மேலான பிறகும் தொடரும் காவல், தனிமை, வீட்டைப் பிரிந்திருப்பது ஆகியவை உடலை என்ன செய்கின்றன என்பதையே பார்க்க விரும்பினோம்.

கருவிகள் வழமையானவை. மதுவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஓடிட் வினாக்கொத்து: 10 கேள்வி, உச்சப் புள்ளி 40, எட்டும் அதற்கு மேலும் வந்தால் ஆபத்தான பாவனை. மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ-9: கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள். அதன் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று நேரே கேட்கிறது.

நெறிமுறைக் குழுவின் அங்கீகாரமும் படைத் தலைமையகத்தின் அனுமதியும் கிடைத்த பிறகே உள்ளே போனோம். எங்கள் குழுவுக்குள் இருந்த தயக்கத்தையும் சொல்ல வேண்டும். திருகோணமலையில் வளர்ந்த தமிழருக்கு முகாம் வாசல் என்றால் சோதனைச்சாவடியும் ஐ.சி.யை எடுத்து நீட்டியதும்தான் முதலில் நினைவுக்கு வரும். தரவு சேகரிப்பாளர் ஒருவரிடம் வீட்டில் “உனக்கு வேற வேலை கிடைக்கேல்லையோ பிள்ளை” என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கசப்புக்குக் காரணங்கள் உண்டு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கந்தளாயிலிருந்தோ மொனராகலையிலிருந்தோ இருபது வயதில் சம்பளத்துக்காக வந்து சேர்ந்த பையன் இரவெல்லாம் விழித்திருந்து விடியும்போது கை நடுங்க நிற்கிறான் என்றால், அதுவும் பார்க்க வேண்டிய நோய்தான். இதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை.

முதல் நாள் கண்டவை

நாங்கள் போனபோது எல்லாம் தயாராக இருந்தது. கதிரைகள் பதவி வரிசைப்படி போடப்பட்டிருந்தன. வாசலில் ஒரு சார்ஜன்ட் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்து, வருகிறவர்களைக் குறித்துக்கொண்டிருந்தார். நாங்கள் முன்கூட்டி அனுப்பியிருந்த சம்மதப் படிவங்களை முந்தைய நாள் மாலையே பகிர்ந்து, கையெழுத்தும் சேவை இலக்கமும் வாங்கி, எழுதுவினைஞர் ஒரு கோப்பாக எங்களிடம் தந்தார். உதவி செய்கிறோம் என்ற நல்லெண்ணத்தில்தான் செய்திருந்தார்கள். கட்டளை அதிகாரி வந்து சுருக்கமாகப் பேசினார். எல்லாரும் முழு ஒத்துழைப்புத் தர வேண்டும், பங்குபற்றுகிறவர்களுக்கு அரைநாள் ஓய்வு உண்டு என்றார்.

ஒருவர்கூட மறுக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. எந்த ஆய்விலும் இப்படி நடந்தால் அதை நல்ல அறிகுறியாக எடுக்கக் கூடாது.

தேநீர் வேளையில் இளம் சிப்பாய் ஒருவர் ஒதுங்கி வந்து மெதுவாகக் கேட்டார்: “மிஸ், நேற்றே சைன் வச்சிட்டன். இனி வேண்டாம் எண்டா லீவு வெட்டுவினமோ?” வெட்ட மாட்டார்கள் என்று உறுதி சொல்லும் அதிகாரம் எனக்கு இருக்கவில்லை. வேண்டாம் என்றால் படிவத்தை வெறுமையாகத் தரலாம் என்றேன். அவர் வரிசையில் தனக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், பிறகு போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினார்.

அன்று மாலை படிவங்களைப் புரட்டியபோது, மது பற்றிய முதல் கேள்விக்கு ஏறக்குறைய எல்லாருமே ‘ஒருபோதும் இல்லை’ என்று குறித்திருந்தார்கள். யாருடைய படிவத்தையும் காட்டாமல், பொதுவாக இப்படி வந்திருக்கிறது என்று மட்டும் முகாம் வைத்தியரிடம் சொன்னோம். ஈரல் பரிசோதனை முடிவுகளை அடிக்கடி பார்க்கிறவர் அவர். இந்தப் பதில்களை வைத்து எதையும் எழுதிவிடாதீர்கள் என்றார்.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. வினாக்கொத்தைச் சிங்களத்தில் ஒரு கட்டும் தமிழில் ஒரு கட்டுமாக அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தோம். தமிழ்ப் படிவம் வேண்டியவர் எழுந்து முன்மேசைக்கு வந்து கேட்டு வாங்க வேண்டும். இரண்டு பேர்தான் வாங்கினார்கள். தேநீர் வேளையில் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் அதைவிடக் கூட. மற்றவர்கள் சிங்களப் படிவத்தையே எடுத்து நிரப்பியிருக்கிறார்கள். ஏன் என்று விளங்க நேரம் எடுக்கவில்லை. படிவத்தில் பெயர் இல்லை, ஆனால் வயது, பதவி, சேவைக்காலம், சொந்த மாவட்டம் எல்லாம் இருந்தன. தமிழ் பேசுகிறவர் கைவிரலில் எண்ணக்கூடிய ஒரு முகாமில், தமிழில் நிரப்பிய படிவத்தில் வயதும் பதவியும் இருந்தால் அது யாருடையது என்று அந்த முகாமில் இருக்கும் எவரும் சொல்லிவிடுவார். அந்த இருவரின் மனச்சோர்வுப் புள்ளிகளும் குடிப் பழக்கமும் பெயர் எழுதிய கடிதம் போலவே எங்கள் பெட்டிக்குள் கிடந்தன.

நிறுத்துவது என்ற முடிவு

அன்றிரவு நடந்த வாக்குவாதம் நீண்டது. புள்ளிவிபரவியலாளரின் பக்கமும் நியாயம் இருந்தது. அனுமதிக்காகக் காத்திருந்த காலம் சிறியதல்ல, இடையில் நிறுத்தினால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை, மது பற்றிய பகுதியை விட்டுவிட்டு நித்திரை பற்றியதை மட்டுமாவது பயன்படுத்தலாமே என்றார்.

முதன்மை ஆய்வாளர் ஏற்கவில்லை. முந்தைய மாலை வரிசையில் நின்று வைத்த கையெழுத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது, சம்மதம் இல்லாத தரவில் எந்தப் பகுதியும் பயன்படாது என்பதே அவரது வாதம். இன்னொருவரைச் சார்ந்திருக்கும் உறவில் இருப்பவரிடம் சம்மதம் பெறும்போது அந்த உறவுக்கு வெளியே உள்ள தகுதியான ஒருவரே கேட்க வேண்டும் என்கிறது மருத்துவ ஆய்வு நெறிமுறைகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம். உடல்நல ஆய்வுகளுக்கான சர்வதேச நெறிமுறை ஆவணமான 2016 இன் சியோம்ஸ் (CIOMS) வழிகாட்டல், மேலதிகாரிக்குக் கீழ்ப்பட்டு இருப்பதால் சுயமாக முடிவெடுப்பது கடினமாகிப் போகிறவர்களின் பட்டியலில் ஆயுதப் படையினரைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விதிகளின்படி, ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் இடத்தில் அந்தப் பிரிவின் மேலதிகாரிகள் நிற்கவே கூடாது. இத்தகைய விதிகள் அனுபவத்திலிருந்து வந்தவை. இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் இராணுவ ஆய்வு நிலையத்தில் 1953 மே மாதம் நரம்பு நச்சுப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்ட ரொனால்ட் மடிசன் என்ற 20 வயது விமானப்படை வீரர் இறந்தார். சளிக்கு மருந்து தேடும் ஆய்வு என்று நம்பியே அங்கே போனதாக அக்காலத்தில் பங்குபற்றிய பலர் பின்னாளில் சொன்னார்கள். 2004 இல் நடந்த மறு விசாரணைதான் அந்த மரணத்தைச் சட்டவிரோதக் கொலை என்று தீர்மானித்தது. எங்கள் வினாக்கொத்தால் யாரும் இறக்கப் போவதில்லை, உண்மைதான். ஆனாலும் குடிப்பதாக ஒப்புக்கொண்ட ஒருவரின் பதவி உயர்வு நின்றுபோகலாம்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஈராக்கிலிருந்து திரும்பிய அமெரிக்கத் தரைப்படையினரிடம் நடந்து 2011 இல் வெளியான ஆய்வில், பெயர் பதியும் வழமையான பரிசோதனையில் சொன்னதைவிட, பெயரில்லாத படிவத்தில் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகமானோர் சொன்னார்கள். ஆக, நெறிமுறையைக் காப்பதும் உண்மையான பதிலைப் பெறுவதும் இங்கே ஒரே வேலை. புள்ளிவிபரவியலாளர் கடைசியில் இசைந்தது இந்த இடத்தில்தான்.

முதல் நாள் தரவு முழுவதையும் ஒதுக்குவது என்று முடிவாகியது. நடந்ததை நெறிமுறைக் குழுவுக்கு எழுதி, அவர்களின் இசைவோடு, படிவங்களையும் கையெழுத்துக் கோப்பையும் அழித்தோம்.

மாற்றியமைத்தது

திருத்திய திட்டத்துக்கு அங்கீகாரம் கிடைக்கும் வரை ஆய்வு நின்றது. அந்த இடைவெளியில் கட்டளை அதிகாரியை முதன்மை ஆய்வாளர் நேரில் சந்தித்தார். குற்றம் சொல்லும் தொனி வராமல் கதைக்க வேண்டியிருந்தது. அரைநாள் ஓய்வை அன்று கடமை இல்லாத எல்லாருக்கும் கொடுங்கள், பங்குபற்றியவருக்கு மட்டும் வேண்டாம் என்று கேட்டபோது அவர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அதிகாரிகளும் சார்ஜன்ட்களும் மண்டபத்துக்கு வெளியே இருப்பார்கள், பெயர்ப்பட்டியல் குறிக்கப்படாது என்பதையும் ஏற்றார்.

சம்மதக் கையெழுத்தை எடுத்துவிட்டோம். பெயரில்லாத ஆய்வில் கையெழுத்துப் படிவம் ஒன்றுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் காகிதம். அதற்குப் பதிலாக இரு மொழியிலும் தகவல் தாள் கொடுத்தோம், அதுவும் இரண்டு நாளுக்கு முன்பே, யோசிக்க நேரம் இருக்கும்படி. மண்டபத்தில் எல்லாரும் அதே நேரம் இருப்பார்கள். விருப்பமில்லாதவர் வினாக்கொத்துப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டு வெறுந்தாளை உறையிலிட்டுப் பெட்டியில் போடலாம். மறுத்தவர் யார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

மொழிச் சிக்கலுக்கு ஒரே புத்தகம் அச்சிட்டோம்: இடப்பக்கம் சிங்களம், வலப்பக்கம் தமிழ். விடைகளைக் குறிக்க எண்கள் மட்டும் உள்ள தனித்தாள். எந்தப் பக்கத்தைப் படித்துக் குறித்தார் என்பதற்கு எங்கும் தடயமில்லை. சொந்த மாவட்டம், மதம், சேவைக்காலம் நீங்கின. பதவி இரண்டே பிரிவு, வயது பத்தாண்டு இடைவெளியில். மொழி வாரியாகப் பகுப்பாய்வு செய்ய முடியாமல் போகிறதே என்று குழுவில் ஒருவர் வருந்தினார். சிறுபான்மைப் படையினர் பற்றி அறிவது பயனுள்ளதுதான். ஆனால் அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அது அறிவாகாது, காட்டிக்கொடுப்பாகவே முடியும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

மிகவும் கடினமாக இருந்தது ஒன்பதாவது கேள்வி. பெயரில்லாத தாளில் ஒருவர் சாக வேண்டும் போலிருக்கிறது என்று குறித்தால், அவர் யாரென்று தெரியாமல் நாங்கள் என்ன செய்வது? கையில் துவக்கோடு காவலுக்குப் போகிறவர் அவர். பின்தொடர முடியாத ஆய்வுகளில் அந்தக் கேள்வியை நீக்கிய பி.எச்.கியூ-8 ஐப் பயன்படுத்துவது வழக்கம். மனநல வைத்தியர் அதை முதலில் எதிர்த்தார். கேட்காமல் விட்டால் எண்ணம் இல்லாமல் போய்விடுமா என்றார். கேட்பதென்றால் உதவக்கூடிய இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும் என்பதில் கடைசியாக உடன்பட்டோம். தாளில் எட்டுக் கேள்விகள். ஒன்பதாவதை ஒரு வைத்தியர் தனியறையில் நேரில் கேட்பார்.

தனியறைக்குப் போவதே ஓர் அடையாளமாகிவிடாதா? அதற்கு முதன்மை ஆய்வாளர் சொன்ன வழி எளிமையானது. எல்லாருக்கும் பிரஷரும் நிறையும் பார்ப்போம், தாளை வெறுமையாகத் தந்தவர்கள் உட்பட. ஒவ்வொருவரும் ஏறக்குறைய அதே நேரம் உள்ளே இருப்பார்கள், கதவு சாத்தியிருக்கும், இரு மொழியும் கதைக்கும் வைத்தியர் சாதாரண உடையில் இருப்பார். அங்கே கதைப்பது எதுவும் ஆய்வுத் தரவில் சேராது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வைத்தியர் அடுத்த படி எடுக்க வேண்டிவரும் என்பது தகவல் தாளில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நகர வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் ஆகியவை அச்சிட்ட சிறு அட்டையும் எல்லாருக்கும் கொடுத்தோம்.

இரண்டாம் சுற்று

இந்த முறை கேள்விகள் வந்தன. பெட்டி எங்கே போகும், யார் திறப்பார்கள், முகாம் அலுவலகத்துக்குப் பிரதி போகுமா என்று கேட்டார்கள். பெட்டியைப் பூட்டி முகாம் வாகனத்தில் ஏற்றாமல் ஓட்டோவில் கொண்டுபோனோம், அதை அவர்கள் பார்க்கும்படியே செய்தோம். வெறுந்தாள்கள் கணிசமாக இருந்தன. மது பற்றிய பதில்கள் குடிக்காதவர், எப்போதாவது குடிப்பவர், அளவு மீறியவர் என்று பரந்து வந்தன. விடுமுறைக்கு முந்தைய நாட்களில் கூடுதலாகக் குடிப்பதாக ஓரத்தில் எழுதி வைத்தவர்களும் உண்டு.

பிரஷர் அறையில் ஒருவர் வைத்தியரிடம் மனம் திறந்தார். அவர் எந்த மொழியில் கதைத்தார் என்பதை எழுத மாட்டேன். நீண்ட நாளாக நித்திரை இல்லை, இரவுக் காவலில் தனியாக நிற்கும்போது வேண்டாத எண்ணங்கள் வருகின்றன, வீட்டுக்கும் சொல்லவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். முகாமுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தார்.

வைத்தியர் அவசரப்படவில்லை. முதலில் அன்றிரவு அவருக்குக் காவல் இருக்கிறதா என்று கேட்டார்; இருந்தது. ஆயுதத்திலிருந்து தள்ளியிருப்பது அன்றே நடக்க வேண்டும், மற்றவற்றை நிதானமாகச் செய்யலாம் என்று விளங்கப்படுத்தி, யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை அவரோடு சேர்ந்தே தீர்மானித்தார். முகாம் வைத்தியருக்கு முழு விபரமும், அலுவலகத்துக்கு ‘மருத்துவக் காரணத்தால் இரவுக் கடமைக்குத் தகுதியில்லை’ என்பதும் மட்டும். அவர் சம்மதித்தார். சம்மதிக்காமல் இருந்திருந்தாலும் ஆயுதம் பற்றிய பகுதியைச் சொல்லியே ஆக வேண்டியிருந்திருக்கும், அதை வைத்தியர் மறைக்கவும் இல்லை. நகர வைத்தியசாலையில் சிகிச்சை தொடங்கியது. தேறிய பின் முதலில் பகல் வேலைகளுக்கும் பின்னர் வழமையான கடமைக்கும் திரும்பினார். ஆய்வு அறிக்கையில் இவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கட்டளை அதிகாரியின் கேள்வி

தரவு சேகரிப்பு முடிந்த பிறகு, தன் முகாமில் எத்தனை பேருக்கு மனச்சோர்வு, எத்தனை பேர் அளவு மீறிக் குடிக்கிறார்கள் என்று கட்டளை அதிகாரி கேட்டார். அவர் கேட்டதில் தவறு காணவில்லை. அத்தனை பேரின் கையிலும் இருக்கும் ஆயுதத்துக்குப் பொறுப்பு அவர்தான். ஆனால் முகாம் வாரியாக எண்ணிக்கை தந்தால், அந்த எண்ணிக்கைக்கு உரியவர்களைத் தேடும் வேலை மறுநாளே தொடங்கிவிடும். பல முகாம்களின் தரவைச் சேர்த்துத்தான் முடிவு தருவோம் என்று திருத்திய திட்டத்தில் எழுதி அவரிடமே ஒப்புதல் பெற்றிருந்தோம். அந்தக் கடிதம் இல்லாதிருந்தால் மறுப்பது மிகவும் கஷ்டமாகியிருக்கும். அவருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்ததாக நாங்கள் போக இருந்த ஒரு முகாமின் அனுமதி அதன் பிறகு வரவேயில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று எங்களால் சொல்ல முடியாது.

எண்ணிக்கைக்குப் பதிலாக, பெயர் தேவைப்படாத பரிந்துரை ஒன்றைக் கொடுத்தோம். நடுநிசி முதல் விடியல் வரை காவல் நிற்பவர்களை அன்று காலை உடற்பயிற்சிக்கும் துப்புரவு வேலைக்கும் அழைக்க வேண்டாம், தொடர்ந்து நித்திரை கொள்ள விடுங்கள் என்பதே அது. அதை அவர் அந்த மாதமே நடைமுறைப்படுத்தினார். மருத்துவ அறையில் காலைத் தலையிடி வரிசை குறைந்திருப்பதாக முகாம் வைத்தியர் பின்னர் சொன்னார். அதை ஆய்வு முடிவாக நாங்கள் எழுதவில்லை, அளந்து பார்க்காத விடயம்.

அடுத்த முறை மாற்றப்போவது

சார்ஜன்ட்களோடும் கோப்ரல்களோடும் முதலிலேயே தனியாகக் கதைப்போம். கட்டளை அதிகாரி சம்மதித்தாலும், வரிசையில் நிற்கிறவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமுண்டா இல்லையா என்பது அவர்களின் பார்வையில்தான் இருக்கிறது. இரண்டாம் சுற்றில் அவர்களை வெளியே நிறுத்தினோம், ஏன் என்று விளக்கவில்லை. சிலருக்கு அது அவமானமாகப்பட்டது. தாங்களும் இரவுக் காவல் பட்டியலில் இருப்பவர்கள், தங்கள் நித்திரையைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று ஒருவர் முறையிட்டார். அவர்களுக்கென்று தனி அமர்வு வைக்க வேண்டும்.

பிரஷர் அறை வராந்தாவின் ஓரத்தில் இருந்தது, சத்தமாகக் கதைத்தால் வெளியே கேட்கும். மின்விசிறியின் இரைச்சல் ஓரளவு காப்பாற்றியது. இனி அறையை முந்தைய நாளே போய்ப் பார்த்து, உள்ளே ஒருவர் கதைக்க வெளியே ஒருவர் நின்று கேட்டுச் சோதித்த பிறகே தெரிவு செய்வோம்.

தொடர் சிகிச்சைக்கான போக்குவரத்தையும் திட்டத்தில் எழுதப்போகிறோம். மனநலப் பிரிவுக்கு முகாம் வாகனத்தில் போய் இறங்கினால் சாரதியிலிருந்து வாசல் காவல் வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும். மேலே சொன்னவருக்கு முகாம் வைத்தியர் பிரஷர் கிளினிக் நாளிலேயே திகதி வாங்கிக் கொடுத்தார். அந்த ஏற்பாட்டை வைத்தியசாலையோடு முன்கூட்டியே பேசி எழுத்தில் வைத்துக்கொள்வது அடுத்த முகாமுக்குப் போகும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை.